குரல் வேணும், பேச்சு வேண்டாமாம்

“சோல் இசைக்கு மொழி தேவையில்லை, உணர்ச்சி போதும்” என்று சொல்லுகிற ஆட்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். ஓட்டிஸ் ரெடிங்கின் பாட்டு ஒன்றைப் பகிர்ந்துவிட்டு அதற்கு மேலே இதை எழுதுவார்கள். வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கொஞ்சம் கிண்டிப் பார்த்தால், அதுக்குள்ளே ஒரு பழைய களவு ஒளிச்சுக்கொண்டு கிடக்கு.

சோல் இசைக்கு மொழி இருக்கிறது. அந்த மொழிக்கு வட்டாரமும் இருக்கிறது. ஓட்டிஸ் ரெடிங் ஜோர்ஜியா மாநிலத்தில் பிறந்து மேக்கன் நகரத்தில் வளர்ந்தவர். வில்சன் பிக்கெற் அலபாமாக்காரர். அரீத்தா பிராங்க்ளின் மெம்பிஸில் பிறந்து டெற்றொயிற்றில் வளர்ந்தவர். இவர்களுடைய வாயில் ஆங்கிலத்தின் “மை” என்ற சொல் “மா” என்று நீளும். சொல்லின் கடைசியில் வரும் “ர்” கரைந்து போகும். ஒரு பாடகர் ஒரே சொல்லை நாலு நொடி இழுத்துப் பாடுகிறார் என்றால், அவர் இழுப்பது ஒரு உயிரெழுத்தை. அந்த உயிரெழுத்து எந்த ஊருடையது என்பதில்தான் பாட்டின் நிறம் இருக்கிறது. “மை” என்று வாயை மூடி முடித்தால் இழுக்க இடமில்லை. “மா” என்று திறந்தால் இடமுண்டு. நாங்கள் “உணர்ச்சி” என்று சொல்லிக் கண்ணீர் விடுகிற விசயத்தில் பாதி இந்தத் தென்மாநிலக் கறுப்பின உச்சரிப்புத்தான்.

அது வடக்குக்கு வந்த கதையும் தெரிந்ததுதான். 1910 முதல் 1970 வரையான காலத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு டெற்றொயிற், சிக்காகோ போன்ற நகரங்களுக்கு வேலை தேடியும் உயிர் பிழைக்கவும் போனார்கள். பெட்டி படுக்கையோடு பேச்சும் போனது. அதனால்தான் டெற்றொயிற்றில் வளர்ந்த ஒரு கறுப்பினப் பிள்ளையின் வாயில் அலபாமா கேட்கும்.

இதுக்குள்ளேயும் மேல் கீழ் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. 1967 இல் ஓட்டிஸ் ரெடிங்கும் கார்லா தோமஸும் சேர்ந்து பாடிய “ட்ராம்ப்” என்ற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். பாட்டு முழுக்கச் சண்டை. நீ நாட்டுப்புறத்தான், ஜோர்ஜியாக் காட்டுக்குள்ளேயிருந்து வந்தவன் என்று அவர் நக்கலடிக்க, ஓட்டிஸ் அதுக்கென்ன என்று நிற்பார். கார்லா மெம்பிஸ் நகரத்துப் பிள்ளை. ஆங்கில இலக்கியம் மேற்படிப்புப் படிக்க ஹவார்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். (எங்கட பீடத்துக்காரி என்று சொல்லலாம்.) நகரம் கிராமத்தைப் பார்த்துச் சிரிக்கிற பழைய பகிடிதான். ஆனால் அந்தப் பகிடியைச் சொல்லுகிற இருவரும் ஒரே வீட்டு ஆட்கள். ஓட்டிஸ் தன் பேச்சைத் திருத்திக்கொள்ளவில்லை. திருத்தியிருந்தால் பாட்டே இல்லை.

டெற்றொயிற்றில் கதை வேறு. மோட்டவுன் நிறுவனம் 1960களின் நடுப்பகுதியில் மக்சின் பவல் என்ற அம்மையாரை வைத்துத் தன் பாடகர்களுக்கு நடை, உடை, இருக்கை, பேச்சு எல்லாம் பழக்கியது. வெள்ளையர் பார்க்கிற தொலைக்காட்சிக்கும் பெரிய ஹோட்டல் மேடைகளுக்கும் போகிற பிள்ளைகள் எப்படிக் கதைக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். இதை வைத்து மோட்டவுனை “விலைபோனவர்கள்” என்று திட்டுகிற இரசிகர்களும் இருக்கிறார்கள். நாங்கள் அந்தப் பக்கம் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பெண் வாயைத் திறந்தவுடன் அவளுக்கு எத்தனை கதவு சாத்தப்படும் என்று கணக்குப் பார்த்தவர்கள் அவர்கள். கதவைச் சாத்தினவனைக் கேட்காமல், கதவைத் திறக்க வழி பார்த்தவளை ஏன் கேட்கிறீர்கள்?

இனி நாங்கள் கோபப்படுகிற இடத்துக்கு வருகிறோம்.

டெற்றொயிற்றிலிருந்து ஒரு மணித்தியாலம் கூட ஓடத் தேவையில்லை, ஆன் ஆர்பர் என்ற பல்கலைக்கழக நகரம் வரும். அங்கே ஒரு ஆரம்பப் பாடசாலை. அதன் பெயரே மார்ட்டின் லூதர் கிங் பாடசாலை. அதில் படித்த வறிய கறுப்பினப் பிள்ளைகள் சிலருக்கு வாசிப்பு வரவில்லை. அவர்களில் சிலர் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டார்கள். தாய்மார் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்கட பிள்ளைகளுக்கு மூளையில் குறையில்லை, வீட்டில் பேசுகிற ஆங்கிலம் வேறு, அதை ஆசிரியர்கள் விளங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் வழக்கு. மொழியியலாளர் ஜெனீவா ஸ்மிதர்மன் அவர்கள் பக்கம் நின்றார். 1979 ஜூலையில் நீதிபதி சார்ள்ஸ் ஜோய்னர் பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்: பிள்ளைகளின் வீட்டு மொழியை ஆசிரியர்கள் அடையாளம் காணவும், அந்த அறிவை வைத்துப் பொது ஆங்கிலத்தில் வாசிக்கக் கற்பிக்கவும் பாடசாலைச் சபை வழி செய்ய வேண்டும்.

இந்த ஆண்டைக் கவனியுங்கள். 1979. அதற்குள் மோட்டவுனின் இசை உலகம் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. அரீத்தாவின் “ரெஸ்பெக்ட்” வந்து 12 வருடம். அந்த உயிரெழுத்துகளுக்கு வெள்ளை இரசிகர்கள் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே உயிரெழுத்துகளோடு ஒரு பிள்ளை வகுப்பில் எழும்பி வாசித்தால் அது குறைபாடு. பேச்சு வழக்கு வெறும் “பிழை ஆங்கிலம்” அல்ல என்பதும் அப்போதே மொழியியலில் பழைய செய்தி. ஒரு செயல் இப்போது நடக்கிறதா, வழக்கமாக நடக்கிறதா என்பதை “பி” என்ற ஒரு சின்ன வினைச்சொல்லை வைத்தே அந்த வழக்கு பிரித்துக் காட்டும். அதற்கு இலக்கணம் உண்டு. கண்டபடி போட்டால் அந்த வழக்குக்காரரே பிழை என்பார்கள். இருந்தும் 1996 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் பாடசாலைச் சபை இதே மொழியை அங்கீகரித்துத் தீர்மானம் போட்டபோது நாடே விழுந்து விழுந்து சிரித்தது.

இப்ப கடலைத் தாண்டிப் போவோம். பிரித்தானியப் பாடகர்கள் அமெரிக்க உச்சரிப்பில் பாடுவதைப் பற்றி பீற்றர் ட்ரட்கில் என்ற மொழியியலாளர் 1983 இல் எழுதியது நல்ல கட்டுரை. பாடகர்கள் யாருடைய இசையை மதிக்கிறார்களோ அவர்களுடைய உச்சரிப்பைப் பின்பற்றப் பார்க்கிறார்கள், ஆனால் முழுதாக வருவதில்லை, இடையிடையே சொந்த ஊர் எட்டிப் பார்க்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் இலண்டன்காரி. “டஸ்டி இன் மெம்பிஸ்” என்று 1969 இல் அல்பம் போட்டார். பாடல்களுக்கான இறுதிக் குரல் பதிவானதோ நியூயோர்க்கில்! நல்ல அல்பம், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஏமி வைன்ஹவுஸ் வட இலண்டன். பேட்டிகளில் கேட்டால் தெரியும். மேடையில் உயிரெழுத்துகள் அத்திலாந்திக்கைத் தாண்டிப் போகும், சொற்களில் பாதி இலண்டனிலேயே நிற்கும். அந்த இழுபறிதான் எங்களுக்கு அவரில் பிடித்தது.

ஜோஸ் ஸ்ரோனின் கதையைப் பாருங்கள். டெவனில் வளர்ந்த பிள்ளை, 16 வயதில் “த சோல் செஷன்ஸ்” வெளியிட்டார். தென்மாநிலக் கறுப்பினப் பெண்களைப் போலப் பாடுகிறார் என்று பத்திரிகைகள் கொண்டாடின. 2007 இல் பிரிட் விருது மேடையில் அமெரிக்கச் சாயலோடு கதைத்தார். அவ்வளவுதான், அதே பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. அதாவது அந்த உச்சரிப்பைப் பாட்டில் எடுத்தால் திறமை, பேச்சில் எடுத்தால் கேலிக்கூத்து. அவருக்காக நாங்கள் அழவில்லை, அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பின் விதி ஆன் ஆர்பர் வகுப்பறையின் விதிதான்: இது பாடுவதற்கான மொழி, பேசுவதற்கானதில்லை.

இரசிகர்களில் எங்களுக்கு மரியாதை உள்ள ஒரு கூட்டம் உண்டு. வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகள். 1973 முதல் 1981 வரை விகன் கசீனோவில் இரவிரவாக ஆடியவர்கள். அமெரிக்காவிலேயே விலைபோகாத 60களின் சோல் இசைத்தட்டுகளைத் தேடித் தேடி எடுத்தார்கள். அதற்கு “நோதர்ன் சோல்” என்று பெயர் வைத்த டேவ் கொடின் இலண்டன்காரர். வடக்கிலிருந்து வருகிற வாடிக்கையாளர் என்ன கேட்பார்கள் என்று தன் கடைக்காரருக்குச் சொல்ல வைத்த பெயர். இலண்டன் சிரிக்கிற லங்காஷயர் உச்சரிப்போடு வந்தவர்கள், அதே உச்சரிப்போடு வீட்டுக்குப் போனார்கள். டெற்றொயிற்றுக்காரர் மாதிரிக் கதைக்கப் பார்க்கவில்லை. ஆடினார்கள், தட்டுக்குக் காசு கொடுத்தார்கள், மறந்துபோன பாடகர்களைத் தேடிக் கூப்பிட்டு மேடை ஏற்றினார்கள். குறையே இல்லாத கூட்டம் என்று சொல்லவில்லை. பாடகரின் பெயரை மறைத்து வேறு பெயர் ஒட்டித் தட்டைப் பொத்திவைத்த டீஜேக்களும் அங்கேதான் இருந்தார்கள்.

எங்கட பக்கமும் கொஞ்சம். எங்கட விடுதியில் அடேலின் பாட்டை அச்சொட்டாகப் பாடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஓட்டிஸை மனப்பாடமாகப் பாடுகிற பெடியனும் இருக்கிறான். அதே ஆட்கள் ஆங்கில வகுப்பில் மலையகத்துப் பிள்ளையோ வன்னிப் பிள்ளையோ எழும்பி வாசிக்கும்போது, “ஒ” பிசகினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நாங்களும் சிரித்திருக்கிறோம், பொய் சொல்லத் தேவையில்லை. போன தவணையில் அப்படிச் சிரித்த பிறகு ஒரு பிள்ளை வாசிக்க எழும்பவே இல்லை. அடுத்த கிழமையும் எழும்பவில்லை. அன்றிரவு விடுதியில் வழமைபோல ஓட்டிஸ் பாடிக்கொண்டிருந்தார், “ர்” எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு.