நலம் அறிவோம்: மகனின் உடலைத் தாயும் அறியவேண்டும்



மாதவிடாய், கருப்பை, மார்பகம் என்று எங்கள் உடலைப் பற்றியே இந்தப் பக்கத்தில் பேசி வந்தோம். இம்மாதம் ஆணின் உடலைப் பற்றி எழுதுகின்றேன். பெண்களின் சஞ்சிகையில் இது எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் எங்கள் வாசகியரில் எத்தனையோ பேர் யுத்தத்தில் கணவரை இழந்தவர்கள். இன்னும் எத்தனையோ பேர் காணாமல் ஆக்கப்பட்ட கணவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள். 2009 இல் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த ஆண்குழந்தை இன்று மீசை அரும்பிய இளைஞன். தகப்பன் சொல்லிக்கொடுக்க வேண்டியதை அவனுக்கு யார் சொல்வது?

மருத்துவமாதுவாகப் பல வருடங்கள் வீடு வீடாகச் சென்றவள் நான். "ஆம்பிளைப் பிள்ளையின்ர விசயம், நான் எப்பிடி மிஸ் கேக்கிறது?" என்று தாய்மார் தயங்குவதை அடிக்கடி கேட்டிருக்கின்றேன். தயக்கம் இயல்புதான். அதற்காக அறியாமல் இருந்துவிடக் கூடாது.

முதலில் உறுப்புகளைத் தெரிந்துகொள்வோம். ஆணுக்கு இரண்டு விதைகள் உண்டு. விந்தணுக்களை உருவாக்குவதும், ஆண் ஓமோனாகிய டெஸ்ரொஸ்ரரோனைச் சுரப்பதும் அவற்றின் வேலை. குரல் தடிப்பது, மீசை முளைப்பது, தசை வளர்வது எல்லாம் இந்த ஓமோனால்தான். எங்கள் சூலகங்கள் வயிற்றுக்குள் இருக்க, விதைகள் மட்டும் ஏன் வெளியே ஒரு பையில் தொங்குகின்றன? உடலின் வெப்பம் 37 பாகை. விந்தணு நன்றாக உருவாக அதைவிட 2 முதல் 4 பாகை குறைவான வெப்பம் தேவை. அதனால்தான் குளிரில் அந்தப் பை சுருங்கி மேலே ஏறுகின்றது, வெயிலில் தளர்ந்து இறங்குகின்றது. ஒரு விதை மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பதும் இயல்பே.

ஒரு விந்தணு உருவாகி முதிர்வதற்கு ஏறக்குறைய இரண்டரை மாதம் செல்லும். விதையின் பின்புறம் ஒட்டியுள்ள சுருள் குழாயில் அது முதிர்ந்து, விந்துக் குழாய் வழியாக மேலே செல்கின்றது. அங்கே வேறு சுரப்பிகளின் திரவம் அதனோடு சேர்கின்றது. அப்படிச் சேர்ந்ததே விந்து. சிறுநீரும் விந்தும் ஒரே வழியால் வெளிவந்தாலும், விந்து வெளிவரும்போது சிறுநீர்ப்பையின் வாய் மூடிக்கொள்ளும்.

இனி, வயதுக்கு வயது தாய் கவனிக்க வேண்டியவை.

குழந்தைப் பருவம்: கருவில் விதைகள் வயிற்றுக்குள்ளே உருவாகி, பிறப்பதற்கு முன்னர் பைக்குள் இறங்கும். சில குழந்தைகளுக்கு, குறிப்பாக மாதம் நிறையாமல் பிறந்தவர்களுக்கு, ஒன்றோ இரண்டோ இறங்காமல் இருக்கும். இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டும்போது இரண்டும் உள்ளனவா என்று மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஆறு மாதமாகியும் இறங்காவிட்டால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். ஒன்றரை வயதுக்குள் சத்திரசிகிச்சை செய்துவிடுவது நல்லது. கவனிக்காமல் விட்டால் பின்னாளில் பிள்ளைப் பேற்றுக்குத் தடையாகலாம். விதையில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். ஆண்குறியின் முன்தோலைச் சுத்தம் செய்வதாக எண்ணி வலிந்து பின்னே தள்ளாதீர்கள். அது வளர வளரத் தானாகவே விலகும்.

பருவ வயது: 9 முதல் 14 வயதுக்குள் மாற்றங்கள் தொடங்கும். நித்திரையில் விந்து வெளியேறுவதும் உண்டு. இது நோயல்ல, ஒழுக்கக் கேடுமல்ல. மகன் விடியவே எழுந்து பாயையும் சாரத்தையும் ஒளித்துத் தோய்த்தால் திட்டாதீர்கள். "ஒரு துளி விந்து நூறு துளி இரத்தம்" என்பது வெறும் கட்டுக்கதை. அந்தப் பயத்தைக் காசாக்குவதற்கென்றே விளம்பரம் செய்பவர்கள் உண்டு. பிள்ளை அவர்களிடம் அகப்படுமுன் உண்மையை நீங்கள் சொல்லிவிடுங்கள்.

இனிச் சொல்வதை மனதில் பதித்து வையுங்கள். நான் அறிந்த ஒரு தாயின் மகனுக்கு 13 வயது. விடியற்காலையில் "அம்மா, வயிறு நோகுது" என்றான், சத்தி எடுத்தான். தாய் ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தார். உண்மையில் நொந்தது விதை. வெட்கத்தால் அவன் சொல்லவில்லை. மறுநாள் நடக்க முடியாமற் போன பிறகே சொன்னான். வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றபோது அந்த விதை கறுத்து இறந்துவிட்டது. அதை அகற்ற வேண்டியதாயிற்று.

விதை தன் நாணில் முறுகிக்கொள்வதால் இரத்த ஓட்டம் தடைப்படும் நிலை இது. பெரும்பாலும் பதின்ம வயதில் வரும். திடீரென ஒரு பக்க விதையில் கடும் நோ, வீக்கம், அடிவயிற்று வலி, சத்தி என்பன அறிகுறிகள். ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஆகவே எண்ணெய் பூசிக்கொண்டோ, விடியட்டும் என்றோ காத்திராதீர்கள். சாப்பாடு, தண்ணீர் எதுவும் கொடுக்காமல் சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்கு விரையுங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ் இலவசமாக வரும். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு ஆறுதல்: மீதியுள்ள ஒரு விதையே அவன் தகப்பனாவதற்குப் போதும்.

அந்தத் தாய் அசட்டையாக இருந்தவர் அல்லர். மகனுக்குச் சொல்ல ஒரு சொல் இருக்கவில்லை. தாய்க்குக் கேட்க ஒரு சொல் இருக்கவில்லை. இவ்வளவுதான் நடந்தது. அதனால் இன்றிரவே மகனிடம் இவ்வளவாவது சொல்லுங்கள்: "தம்பி, விதையில நோ, வீக்கம், கட்டி என்ன வந்தாலும், எந்த நேரமெண்டாலும் என்னை எழுப்பிச் சொல்லு. நான் ஏச மாட்டன்." நோவில்லாத கட்டியையும் வைத்தியரிடம் காட்டவேண்டும். இளைஞருக்கு வரும் விதைப் புற்றுநோய் காலத்தோடு கண்டால் பெரும்பாலும் குணமாகும். யாராவது அந்த இடத்தில் தொட்டால் மறைக்காமல் சொல்லவேண்டும் என்றும் சொல்லி வையுங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் அந்தக் கொடுமை நடக்கின்றது. 1929 என்ற இலக்கத்தில் சிறுவர்களுக்கான உதவியைப் பெறலாம்.

கடைசியாக ஒன்று. பிறப்பது ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தகப்பனின் விந்தணு. எக்ஸ் நிறமூர்த்தம் கொண்டது வந்தால் பெண், வை கொண்டது வந்தால் ஆண். பிள்ளை இல்லாமற் போவதற்கும் ஆண் பக்கத்துக் குறை பெண் பக்கத்தைப் போலவே பொதுவான காரணம். ஒரு எளிய விந்துப் பரிசோதனையிலேயே அதில் பலவற்றை அறியலாம். பெட்டைப்பிள்ளை பெற்றதற்காகவும் பிள்ளை பெறாததற்காகவும் ஏச்சு வாங்கியவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! இதையும் மகனுக்குச் சொல்லி வளருங்கள். நாளை அவனை நம்பி ஒரு பெண் வருவாள்.