ஏறக் கூடாத குன்று

சென்ற இதழில் நண்பர் ஒருவர் இங்கிலாந்தில் தான் ஏறிய சிறு குன்று ஒன்றைப் பற்றி எழுதியிருந்தார். சாமர்செட் பகுதியில் உள்ள கிளாஸ்டன்பரி டோர். உயரம் 158 மீட்டர். சுற்றிலும் ஒரு காலத்தில் சதுப்பாக இருந்து நீர் வடிக்கப்பட்ட தட்டை நிலம். நடுவே அடுக்கடுக்கான சரிவுகளோடு ஒற்றைக் குன்று. உச்சியில் கூரை இல்லாத ஒரு கோபுரம். நல்ல கட்டுரைதான். காற்று, புல், தனிமை எல்லாம் இருந்தன. விஷயம் கடைசிப் பத்தியில் இருந்தது. தமிழனுக்கு மலை ஏறத் தெரியாதாம், படி ஏறத்தான் தெரியுமாம். மேலே ஒரு சாமி இல்லாவிட்டால் அடிவாரத்திலேயே திரும்பிவிடுவானாம். ஆகவே நம் இலக்கியத்தில் மலை ஓர் அனுபவமாக ஆகவே இல்லையாம்.

முதல் பாதியை நான் மறுக்கப்போவதில்லை. திருத்தணியில் 365 படிகளை எண்ணிக்கொண்டு ஏறுகிறவனுக்கு மலை கண்ணில் படுவதில்லை என்பது உண்மை. ஆனால் நண்பருடைய கண்ணில் மட்டும் என்ன பட்டது?

அவர் ஏறிய அதே குன்றின் உச்சியில் 1539 நவம்பரில் கிளாஸ்டன்பரி மடத்தின் கடைசித் தலைவர் ரிச்சர்ட் வைட்டிங்கைத் தூக்கிலிட்டார்கள். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை எடுத்துக்கொண்ட காலம் அது. தேசத்தின் பணக்கார மடங்களில் ஒன்று கிளாஸ்டன்பரி. ஊர் முழுக்கத் தெரியட்டும் என்றுதான் குன்றின் மேல் தூக்கு மரத்தை நட்டார்கள். நண்பரின் கட்டுரையில் ஆகாயம் இருந்தது, இந்தத் தூக்கு மரம் இல்லை. கோபுரம் அவருக்கு மௌனத்தின் படிமம் ஆகிவிட்டது.

இன்னொன்று. வெள்ளைக்காரன் சுதந்திரமாக மலை ஏறுகிறான் என்று பரவசப்படுகிறார். அந்தச் சுதந்திரம் எப்படி வந்தது? 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களும் இளைஞர்களும் நூற்றுக்கணக்கில் திரண்டு கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுநிலத்தில் ஏறினார்கள். பிரபுக்கள் பறவை சுடுவதற்காகக் காவல் போட்டு வைத்திருந்த நிலம் அது. ஏறியவர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். திறந்த மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமையைப் பரவலாகத் தந்த சட்டம் 2000இல்தான் வந்தது. ஆக, அங்கேயும் மலை ஏறுவது முதலில் ரசனைப் பிரச்னை அல்ல. நிலம் யாருடையது என்ற பிரச்னை. நண்பர் பழத்தைத் தின்றுவிட்டு மரத்தை மறந்துவிட்டார்.

மலையை அனுபவமாக்கத் தெரியாத தமிழுக்கு வருகிறேன். கபிலர் பறம்புமலையைப் பற்றிப் பேசும்போது அதன் அழகைப் பேசவில்லை. முற்றுகையிட்டு நிற்கும் மூவேந்தரிடம், உழவர் உழாமலே அந்த மலை தரும் நான்கு விளைச்சல்களைக் கணக்காக அடுக்கிக் காட்டுகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக் கிழங்கு, தேன். அது வாழ்கிறவர்களின் மலை. பிறர் பிடுங்க வந்திருக்கும் மலை. பாரி செத்து மலை பறிபோன பிறகு அவன் பெண்களுடைய பாட்டில் நிலவும் குன்றும்தான் இருக்கின்றன. ஆனால் அவை இயற்கை வர்ணனை என்று யாராவது சொல்வார்களா?

போன பங்குனியில் திருக்கோவலூர் போயிருந்தேன். தென்பெண்ணை ஆற்றுக்குள் உருண்டு நிற்கும் அந்தப் பாறையைக் கபிலர் குன்று என்கிறார்கள். பாரியை இழந்த கபிலர் வடக்கிருந்து உயிர் விட்டார் என்பது புறநானூற்று மரபு. பாரி மகளை மலையனிடம் ஒப்படைத்துவிட்டு இங்கே தீப்புகுந்தார் என்கிறது அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு. ஏறினேன். மூச்சு வாங்கும் உயரம் இல்லை. பரவசம் ஒன்றும் வரவில்லை. ஒரு மலையை இழந்தவனுக்குக் கடைசியில் இவ்வளவு கல்தான் மிஞ்சியது என்று தோன்றியது. அவ்வளவுதான். ஆனால் நண்பர் கேட்கும் மலை அனுபவம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நண்பரை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. எங்கள் ஊர் சேத்தியாத்தோப்பு. வெள்ளாற்று அணைக்கட்டு, வாய்க்கால்கள், வயல்கள். கிழக்கே பார்த்தாலும் தெற்கே பார்த்தாலும் ஒரு மேடு கிடையாது. மலை என்றால் எங்களுக்குப் பெயரில்தான். பக்கத்து விருத்தாசலம், தேவாரக்காரர்களின் முதுகுன்றம். சிவன் முதலில் மலையாக நின்ற இடம் இதுதான், மற்ற மலைகளெல்லாம் இதற்குப் பின்னால் வந்தவை என்கிறது தலபுராணம். போய்ப் பாருங்கள், கோயில் இருக்கிறது, மணிமுத்தாறு இருக்கிறது, மலை இல்லை. சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயரைச் சுமந்த புதுமைப்பித்தன் இதைக் கவனித்திருந்தால் ஒரு கதை எழுதியிருப்பார். நான் எழுதியதோ கவிதை. இருபத்தைந்து வயதில், இந்தச் சமவெளியில் உட்கார்ந்துகொண்டு, பனி மூடிய சிகரம், அதன் சாஸ்வதம், அதன் முன் என் அற்பம் என்று ஏழெட்டுக் கவிதைகள். சிகரம் இங்கிலீஷ் புத்தகங்களிலிருந்து வந்தது. பனியும் அங்கிருந்துதான். நண்பர்கள் பாராட்டினார்கள்.

அப்போது எனக்கு மேற்கே நிஜமாகவே ஒரு மலை வளர்ந்துகொண்டிருந்தது.

நெய்வேலியில் 1957இல் தோண்டத் தொடங்கினார்கள். 1961இல் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. ஒரு டன் கரி எடுக்க ஐந்தாறு கனமீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அகற்றிய மண் எங்கே போகும்? குவிந்தது. செம்மண்ணும் மணலும் களிமண்ணுமாக, மேல் தட்டையாக, குன்று குன்றாக. பழைய மேடுகளில் மரம் நட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கிற புது ஆள் இயற்கையான மலை என்றே நினைப்பார். சுரங்கத்தில் கிடைக்கும் வெள்ளைக் களிமண் விருத்தாசலத்துக்குப் போய்ப் பீங்கான் பொம்மையாகிறது. இல்லாத மலையின் பெயர் தாங்கிய ஊரில், வயலுக்கு அடியிலிருந்து வந்த மண், அலமாரியில் வைக்கிற அழகுப் பொருளாகிறது. படிமம் வேண்டும் என்கிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

2023 ஜூலையில் எங்கள் ஊருக்குப் பக்கத்து வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக, கதிர் வரும் பருவத்து நெல்லின் மேல் இயந்திரங்கள் இறங்கின. நிலம் ஏற்கெனவே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வழக்குப் போயிற்று. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது. பத்திரிகைகள் நாலு நாள் எழுதின. நம் சிறுபத்திரிகைகள் அந்த மாதம் எதைப் பற்றி விவாதித்தன என்று ஒவ்வொருவரும் தம் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

உடனே ஒரு குரல் வரும் என்று தெரியும்: இது பிரசாரம், கவிதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கோஷம் எழுதச் சொல்லவில்லை. கோஷம் எழுதுகிறவனும் மண்மேட்டைப் பார்ப்பதில்லை, கோஷத்தைத்தான் பார்க்கிறான். நான் சொல்வது அதைவிடச் சாதாரணமானது. மலை என்று எழுதும்போது அது எந்த மண்ணால் ஆனது, யாருடைய வயலிலிருந்து வந்தது, அதில் கால் வைக்க யாருக்கு அனுமதி என்பது எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கவிதையில் அது வர வேண்டும் என்பதுகூட இல்லை. தெரிந்திருந்தால் போதும், சொற்களின் கனம் தானாக மாறும். 1988இல் 'சனங்களின் கதை'யைக் கொண்டுவந்த பழமலய், இந்தச் சீமையின் ஆட்களையும் அவர்கள் பேச்சையும் வைத்தே கவிதை பண்ணிக் காட்டினார். குறிஞ்சி, முல்லை என்று திணை பிரித்துக் கட்டுரை எழுதும் விமர்சகர்கள் இந்த மண்மேட்டை எந்தத் திணையில் வைப்பார்கள்? மருதத்தைத் தோண்டிக் குவித்தால் குறிஞ்சி ஆகிவிடுமா?

திருக்கோவலூரிலிருந்து திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வடலூர் தாண்டி பஸ் வந்துகொண்டிருந்தது. மேற்கே அந்த மேடுகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிற்று. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் ஜன்னல் வழியே கை நீட்டி, "அதுல எங்க மண்ணும் கெடக்குது தம்பி" என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. ஏறிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். உள்ளே விடமாட்டார்கள் என்றார்.

நண்பர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது சொல்லட்டும். இரண்டு பேருமாகப் போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம்.