எந்தப் பயணத்துக்கு எந்த ஜெட்? கார் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க!



"பிரைவேட் ஜெட்டா? நமக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?"னு தலைப்பைப் பார்த்ததும் நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதைப் படிக்கும் நம்மில் பெரும்பாலானோர் வாழ்நாளில் ஒரு ஜெட் வாங்கப் போவதில்லை. ஆனா அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல பலர் கார் வாங்குவீங்க, சிலர் வீடு வாங்குவீங்க. கோடிக்கணக்கில் செலவு பண்ணி விமானம் வாங்குறவங்க போடுற ஒரு கணக்கு இருக்கு. பத்து லட்சத்துக்குக் கார் வாங்குற நாமதான் அந்தக் கணக்கைப் போடுறதே இல்லை.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அடிக்கடி தேவைப்படுறதைச் சொந்தமா வாங்குங்க. எப்பவாவது தேவைப்படுறதை வாடகைக்கு எடுங்க. இது ஏன் சரின்னு ஜெட் உலகத்தை வச்சே பார்ப்போம், வாங்க.

ஒரே விமானம் எல்லாப் பயணத்துக்கும் ஆகாது

முதல்ல குட்டிப் பயணம். சென்னையிலிருந்து பெங்களூருக்கு வான்வழியா சுமார் 290 கி.மீ. இதுக்கு கிங் ஏர் பி200 மாதிரி டர்போப்ராப் விமானமே போதும். அதாவது முன்னாடி புரொப்பல்லர் சுத்துற விமானம். வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. ஃபீனம் 300 மாதிரி லைட் ஜெட் 800 கி.மீ.க்கு மேல் பறக்கும். அப்போ ஜெட்டுல போனா பாதி நேரம் மிச்சமாகும்னுதானே தோணுது? ஆகாது. ஏறுறதுக்கும் இறங்குறதுக்குமே பெரும்பகுதி நேரம் போயிடும். மிச்சமாகுறது பத்து நிமிஷத்தை ஒட்டித்தான் இருக்கும். ஜெட் இன்ஜின் ரொம்ப உயரத்துல பறக்கும்போதுதான் எரிபொருளைச் சிக்கனமாக் குடிக்கும். இவ்வளவு சின்னப் பயணத்துல அந்த உயரத்துல இருக்கவே நேரம் கிடைக்காது.

அடுத்து மும்பை–டெல்லி, மும்பை–துபாய். 1,100 முதல் 1,900 கி.மீ. வரை. நாலஞ்சு பேர் போகணும்னா இங்கே லைட் ஜெட் சரியான தேர்வு. ஆனா உள்ளே நிமிர்ந்து நிக்க முடியாது, குனிஞ்சுதான் நடக்கணும்.

மும்பை–சிங்கப்பூர் சுமார் 3,900 கி.மீ. இதுக்கு ஹாக்கர் 800எக்ஸ்பி மாதிரி மிட்சைஸ் ஜெட். எட்டுப் பேர் உட்காரலாம். சராசரி உயரம் உள்ளவர் நிமிர்ந்து நடக்கலாம்.

மும்பை–லண்டன் 7,200 கி.மீ. ஆச்சுன்னா ஃபால்கன் 900எல்எக்ஸ் மாதிரி பெரிய ஜெட் வேணும். மும்பை–நியூயார்க் சுமார் 12,500 கி.மீ. நடுவுல எங்கேயும் நிக்காம போகணும்னா கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650இஆர், குளோபல் 7500 மாதிரி சில விமானங்கள்தான். இந்த ரகத்தில் புதுசா வாங்கினா விலை 6 கோடி டாலருக்கு மேல.

இன்னொரு விஷயம். கம்பெனி கையேட்டில் போட்டிருக்கும் தூரம், ஷோரூம்ல சொல்ற கார் மைலேஜ் மாதிரிதான். குறைவான ஆட்கள், எதிர்க்காற்று இல்லைங்கிற கணக்கில் சொல்றது. மும்பையிலிருந்து லண்டன் போகும்போது பெரும்பாலும் காற்று எதிர்த்து அடிக்கும். அதனால 7,400 கி.மீ. பறக்கும்னு எழுதியிருக்கும் விமானத்தை நம்பி 7,200 கி.மீ. பயணத்துக்குக் கிளம்ப மாட்டாங்க.

பெருசு வச்சிருந்தா எல்லா இடத்துக்கும் போகலாமா?

கரீபியன் கடலில் செயின்ட் பார்த்தெலமின்னு ஒரு குட்டித் தீவு இருக்கு. புத்தாண்டுக்கு உலகப் பணக்காரர்கள் கூடுற இடம். அங்கே ஓடுபாதையின் நீளம் சுமார் 650 மீட்டர்தான். அதுல கல்ஃப்ஸ்ட்ரீம் இறங்கவே முடியாது. அதனால கோடீஸ்வரர்கள் பெரிய ஜெட்டைப் பக்கத்துத் தீவில் நிறுத்திட்டு, பிலாட்டஸ் பிசி-12 மாதிரி ஒத்தை இன்ஜின் டர்போப்ராப்ல மாறி ஏறிப் போறாங்க. விலை அதிகமான பொருள்தான் எல்லா வேலைக்கும் சிறந்த பொருள்னு நினைக்குறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

வாங்கணுமா, வாடகையா?

எந்த விமானம்னு முடிவு பண்ணியாச்சு. அடுத்த கேள்வி, வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் பறப்பீங்க? இந்தத் தொழிலில் பொதுவா ஒரு தோராயக் கணக்கு சொல்வாங்க. 50 மணி நேரத்துக்குக் குறைவுன்னா சார்ட்டர், அதாவது வாடகை. 50 முதல் 200 வரைன்னா பங்கு உரிமை. ஒரு விமானத்தின் விலையைப் பலர் பகிர்ந்துக்குறது. 200 மணி நேரத்தைத் தாண்டினாதான் முழுசா சொந்தம்ங்கிற பேச்சையே எடுக்கணும்.

ஏன்னா விமானம் பறக்காம நின்னாலும் செலவு நிக்காது. பைலட் சம்பளம், ஹேங்கர் வாடகை, இன்சூரன்ஸ், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை செய்தே ஆக வேண்டிய பரிசோதனை எல்லாம் நடந்துட்டே இருக்கும். நம்ம நாட்டில் சொந்த உபயோகத்துக்கான விமானத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40%.

வாடகையிலும் ஒரு பொறி இருக்கு. விமானம் மும்பையில் நிக்குது, நீங்க சென்னையிலிருந்து மதுரை போகணும்னு வச்சுக்குவோம். அது மும்பையிலிருந்து சென்னைக்குக் காலியா வரணும், உங்களை இறக்கிவிட்டுட்டுக் காலியாத் திரும்பணும். அந்தக் காலிப் பயணத்துக்கும் காசு கொடுக்கப் போறது நீங்கதான். அதனால விவரம் தெரிஞ்சவங்க "மணிக்கு எவ்வளவு?"னு கேட்க மாட்டாங்க. "காலிப் பயணம், இரவு நிறுத்தம், இறங்கும் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?"ன்னுதான் கேட்பாங்க. டிராவல்ஸ் வண்டி பேசும்போது நாமளும் டிரைவர் பேட்டா, டோல், ரிட்டர்ன் காசுன்னு முன்கூட்டியே கேட்டுக்குறோம் இல்லையா, அதே கதைதான்.

வாரன் பஃபெட் என்ன செய்தார்?

1986இல் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் நிறுவனம் 8.5 லட்சம் டாலருக்கு ஒரு பழைய ஜெட் வாங்கியது. மூணு வருஷம் கழிச்சு அதை வித்துட்டு 67 லட்சம் டாலருக்கு இன்னொரு பழைய ஜெட். சிக்கனத்துக்குப் பேர் போன மனுஷன் அதுக்கு வச்ச பெயர், "நியாயப்படுத்தவே முடியாதது" என்ற அர்த்தம் தரும் ஆங்கிலச் சொல். அவருடைய பார்ட்னர் சார்லி மங்கர் கிண்டல் பண்ணிட்டே இருந்தார்.

1995இல் பஃபெட் வேற வழிக்கு வந்தார். நெட்ஜெட்ஸ் திட்டத்தில் ஒரு ஹாக்கர் 1000 விமானத்தின் கால் பங்கு. வருஷத்துக்கு 200 மணி நேரம். அது பிடிச்சுப் போய் 1998இல் அந்த கம்பெனியையே 72.5 கோடி டாலருக்கு வாங்கிட்டார். அந்த வருஷப் பங்குதாரர் கடிதத்தில் அவர் விளக்கிய ஒரு விஷயம் முக்கியம். ஒரு நிறுவனம் மூணு வகை விமானத்தில் தலா பதினாறில் ஒரு பங்கு வாங்கினா, ஒவ்வொன்றிலும் 50 மணி நேரம் கிடைக்கும். குட்டிப் பயணத்துக்குச் சின்னது, நீண்ட பயணத்துக்குப் பெரியது. முழுசா ஒரு விமானம் வாங்குற செலவில் சின்னப் பகுதிதான் ஆகும்.

இப்போ நம்ம கார் கணக்குக்கு வருவோம்

நாலு பேர் குடும்பம். தினமும் ஆபீஸ், ஸ்கூல், மார்க்கெட். வருஷத்துல நாலு தடவை பொங்கல், தீபாவளி, குலதெய்வம் கோயில், கல்யாணம்னு ஏழு பேராப் போகணும். அந்த நாலு பயணத்துக்காக 9 லட்சம் காரை விட்டுட்டு 20 லட்சம் ஏழு சீட்டர் பக்கம் போறாங்க.

வித்தியாசம் 11 லட்சம். 9% வட்டியில் 7 வருஷக் கடன்னு வச்சா இந்த 11 லட்சத்துக்கு மட்டும் மாச இஎம்ஐ சுமார் 17,700 ரூபாய். மொத்தம் கட்டுறது கிட்டத்தட்ட 14.87 லட்சம். அந்த நாலு பயணத்துக்கும் டிரைவரோட பெரிய வண்டி வாடகைக்கு எடுத்தா, தடவைக்கு 25,000 ரூபாய்னு தாராளமாவே போட்டாலும் வருஷத்துக்கு 1 லட்சம், ஏழு வருஷத்துக்கு 7 லட்சம். கையில் நிக்குறது 7.87 லட்சம்.

"பெரிய வண்டிக்கு ரீசேல் அதிகம் கிடைக்குமே?" கிடைக்கும். அதுக்காக 3 லட்சம் கழிச்சுக்கோங்க. அப்பவும் 4.87 லட்சம் மிச்சம். பெரிய வண்டியின் கூடுதல் எரிபொருள், இன்சூரன்ஸ், சர்வீஸ் இதுல சேரவே இல்லை.

"அவசரம்னா என்ன பண்றது?" ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி போக ஏழு சீட் தேவையில்லைங்க. அஞ்சு சீட் வண்டியே போதும்.

ஆனா ஒண்ணு. அப்பா அம்மா கூடவே இருக்காங்க, வாரா வாரம் ஆறேழு பேரா வெளியே போறீங்கன்னா உங்களுக்கு ஏழு சீட்டர்தான் சரி. அங்கே சின்னக் கார் வாங்குறதுதான் தப்பான சிக்கனம். 200 மணி நேரம் பறக்குறவர் விமானத்தை ஒவ்வொரு தடவையும் வாடகைக்கு எடுக்குற மாதிரி ஆயிடும். "எனக்குப் பெரிய வண்டின்னா ஆசை, கௌரவம்"னு சொன்னாலும் நான் தடுக்க மாட்டேன். அந்த ஆசையின் விலை இத்தனை லட்சம்னு தெரிஞ்சுட்டு வாங்குங்க, அவ்வளவுதான்.

வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்ற விருந்தாளிக்காக மூணாவது பெட்ரூம் வாங்குறவங்களும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து, போன 12 மாசத்துல எத்தனை பயணம், எத்தனை பேர், எவ்வளவு தூரம்னு மூணு வரிசையா எழுதுங்க. எது அதிகமா வருதோ அதுக்கு வண்டி வாங்குங்க, மத்ததுக்கு வாடகை. எழுதிப் பார்த்ததும் உங்க முடிவு மாறுச்சா இல்லையான்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்.