கை பழுதில்லை அண்ணா

எபிசோட்டில் வெட்கத்தில சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். போன மாதம் ஒரு பழைய கேம் பெட்டி வாங்கினனான். 90 டொலர். பேர் வேண்டாம். உள்ளே 'டெக்கன் 3' இருக்கு எண்டதே எனக்குப் போதும். பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில், அம்மா வேலையால வரும்வரை நானும் அண்ணாவும் அடிபட்ட கேம் அது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணா வந்தார். ரெண்டே ரவுண்ட். "கை பழுதாப் போச்சுடா" எண்டு கொன்ட்ரோலரை வைச்சிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார்.

கை பழுதில்லை. பெட்டிக்குள் இருந்தது ஐரோப்பியப் பதிப்பு. செக்கனுக்கு 60 ஃபிரேமில் ஓடவேண்டியது 50இல் ஓடுகிறது. இங்கத்தைய வேகத்தில் பழகின விரல் ஒவ்வொரு அடிக்கும் முந்திப் போகுது. 2018 டிசம்பரில் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக்கிலும் இதே கதைதான்: 20 கேமில் 9 ஐரோப்பியப் பதிப்பு, டெக்கன் 3 உட்பட. அது தெரிஞ்சும் விசாரிக்காமல் வாங்கின என்னை என்ன சொல்ல!

பழைய கேமை விற்கிறவை படத்தை மட்டும் தந்தால் காணாது, வேகத்தையும் தரவேணும். 50ஆ 60ஆ எண்டு பெட்டியிலேயே போடட்டும். நீங்கள் வாங்கமுதல் கேளுங்கோ.

திருப்பிக் குடுக்கிற நாளும் முடிஞ்சுது. அண்ணாவுக்கு இன்னும் விசயம் சொல்லேல்லை. தனக்கு வயசு போட்டுது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்.