துண்டு போட்டால் போதுமா?

போன வாரம் தாமலுக்கு வந்திருந்த அண்ணன் பேரன் லேப்டாப்பைத் திறந்து காட்டினான். "சின்னத் தாத்தா, பதினோராயிரம் வரி பேட்ச். நாலே வரி ஷெல் ஸ்கிரிப்ட்ல நூத்திமுப்பது துண்டாக்கிட்டேன்!"

ஸ்கிரிப்டில் தப்பில்லை. வரிக்கணக்கு வைத்து 'ஸ்ப்ளிட்' கட்டளையால் அறுத்திருந்தால் ஹங்க் பாதியில் அறுந்திருக்கும். ஒவ்வொரு ஹங்கின் தலையிலும் எத்தனை வரி என்ற கணக்கு இருக்கிறதே, பேட்ச் நிரல் அதைப் பார்த்து 'மால்ஃபார்ம்டு' என்று துப்பிவிடும். பையன் விவரமானவன். 'டிஃப்' என்று தொடங்கும் வரிகளில் 'சி-ஸ்ப்ளிட்' போட்டு, கோப்புக்கு ஒன்றாகப் பிரித்திருந்தான். எல்லாம் சுத்தமாக ஒட்டும்.

ஒட்டும், ஆனால் ஓடாது. ஹெடர் கோப்பில் ஒரு ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட் ஒன்று கூடுகிறது. அது 7வது துண்டு. அதை அழைக்கும் கோப்பு 92வது துண்டு. 7 முதல் 91 வரை எங்கே நின்றாலும் கம்பைல் ஆகாது. காஞ்சிபுரத்துத் தறியில் ஒரு பாவில் மூன்று சேலை ஓடும். முழக்கோல் வைத்தா அறுக்கிறார்கள்? ஒரு சேலை முடிந்த இடம் பார்த்துத்தானே!

"ரிவ்யூ பண்றவங்களுக்குச் சின்னதா இருக்கும்ல?" என்றான். எது சின்னது? நூற்றிமுப்பது துண்டையும் தரையில் பரப்பி, எது எதோடு சேரும் என்று அவர் தேட வேண்டும். நம் வேலையை அவர் தலையில் கட்டுவது அது. லினக்ஸ் கெர்னல்காரர்கள் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்: ஒரு பேட்சுக்கு ஒரு மாற்றம், வரிசையில் எந்த பேட்சுக்குப் பிறகும் கெர்னல் பில்டு ஆகி ஓட வேண்டும். கமென்டில் எழுத்துப்பிழை திருத்துவது மாதிரி காரியம் என்றால் கோப்புவாரியாகப் பிரித்துக்கொள்ளட்டும், யாருக்கும் நஷ்டமில்லை.

நான் வேலையில் இருந்தபோது இப்படிப் பிரித்த ஒரு மாற்றத்துக்குள் ஒரு பிழை புகுந்துவிட்டது. 'கிட் பைசெக்ட்' போட்டோம். பாதி கமிட் பில்டே ஆகவில்லை. ஸ்கிப், ஸ்கிப் என்று தாண்டி, விடியற்காலையில் "இந்த நாற்பதில் ஏதோ ஒன்று" என்று கைவிரித்தது. பிரித்த ஸ்கிரிப்ட் என்னுடையது. அன்று ரொம்பப் பெருமையாகத்தான் காட்டினேன்.

இதைச் சொன்னதும் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கலைத்து, 'கிட் ஆட் பி' போட்டு ஒவ்வொரு ஹங்காகப் பார்க்க உட்கார்ந்தான். மூன்றாவது கோப்பிலேயே, சோதனைக்காக எழுதி அழிக்க மறந்த பிரின்ட் வரி ஒன்று பல்லை இளித்தது.