நிரவலும் விலக்கமும்

தமிழில் கணக்கைக் கற்பிக்க இயலாது என்பார் இன்னும் ஓய்ந்திலர். அவர் கூற்று வெறும் பொய்ம்மையே என்பதற்குப் பத்தாம் வகுப்புப் புள்ளியியற் பாடம் ஒன்றே போதிய சான்றாகும்.

'சராசரி' பாரசீகத்தினின்று வந்த சொல். அதனைக் கேட்கும் மாணவனுக்கு வாய்பாடு நினைவிற்கு வரும், பொருள் விளங்காது. 'நிரவல்' என்று சொல்லிப் பார்க்கட்டும்! மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி வயலை நிரவுதல் கண்ட உழவன் மகனுக்குக் கூட்டி வகுத்தலின் கருத்து அச்சொல்லிலேயே கிட்டிவிடும். நிரவியபின் மேடுபள்ளம் மறையும் என்பதும் அவன் அறிந்ததே. மறைந்ததை அளப்பது எவ்வாறு என்று அவனே வினவுவான்.

ஓரூரில் ஐந்து நாளும் நாளுக்கு 20 மி.மீ. மழை. மற்றோரூரில் நான்கு நாள் ஒரு துளியுமில்லை. ஒரே நாளில் 100 மி.மீ. நிரவல் இரண்டிற்கும் 20 தான். வீச்சோ முன்னதற்கு 0, பின்னதற்கு 100. திட்ட விலக்கம் முன்னதற்கு 0, பின்னதற்கு 40. அங்கே நிலம் நீரை உண்ணும். இங்கே நீர் மண்ணை அரித்தோடும். நிரவலை மட்டும் கற்றவன் இவ்வேறுபாட்டைக் காண்பானோ? வீசுதலும் விலகுதலும் அவன் வாயில் நாளும் வழங்கும் சொற்களல்லவோ?

இத்துணைத் தெளிவிருந்தும், 2019இல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கு நூல் 'விலக்க வர்க்கச் சராசரி' என்றெழுதியது. மூன்று சொற்களுள் தமிழ் ஒன்றே! 'விலக்க இருமடி நிரவல்' என்றெழுதக் கை கூசுவதேன்? வேற்றுச் சொல்லால் பாடத்தை இருளாக்கிவிட்டுத் தமிழின்மேல் பழி சுமத்துவது கொடுமையினும் கொடுமை! சொல்லைத் துலக்குக, கணக்குத் தானே துலங்கும்.