தோலைத் தொடும் துணி

எங்கள் வெல்டிங் ஷாப்பில் புதிதாகச் சேரும் பையன்களின் யூனிஃபார்ம் காலரை முதல் நாளே லேசாக விலக்கிப் பார்ப்பேன். உள்ளே பளபளவென்று கிரிக்கெட் ஜெர்சி தெரிந்தால் அன்றைக்கு அவருக்கு லைனில் இடமில்லை. பருத்தி பனியன் போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் வேலை. ஏப்ரன், தோல் கையுறை எல்லாவற்றையும் தாண்டி ஒரு தீப்பொறி உள்ளே விழுந்துவிட்டால் பருத்தி கருகும். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதைப் பிரித்தெடுத்த ஒரு கையை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பதினாறு வருடமாக இருக்கிறேன். முதல் ஆறு வருடம் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன், பிறகு வெல்டிங் சூப்பர்வைசர். உடம்பைக் காப்பதில் முதல் துணி தோலைத் தொடும் துணிதான் என்பது தொழிற்சாலைக்குள் எங்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்டைத் தாண்டியதும் அதை மறந்துவிடுகிறோம். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வரை உள்ள ஆலைகளில் வேலை செய்கிற இளைஞர்களுக்கு இப்போது மலை மேல் பெரிய ஆசை. வருடாந்திர ஷட்டவுன் தேதி நோட்டீஸ் போர்டில் ஏறியதும் லடாக் பேச்சு தொடங்கிவிடும். இமயமலைச் சாலைகளுக்கென்று 2016-இல் வந்த ஹிமாலயன் வண்டியைச் செய்கிற ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் ஆலை எங்கள் பேருந்து போகிற வழியில்தான் இருக்கிறது. வண்டிக்கு மாதத் தவணை கட்டுகிறார்கள். ஜாக்கெட்டுக்குப் பத்தாயிரம், பூட்ஸுக்கு ஏழாயிரம். அதற்கெல்லாம் உள்ளே, தினமும் ஏ ஷிஃப்டுக்குப் போட்டு வருகிற அதே பருத்தி பனியன்.

நானும் அப்படித்தான் போயிருக்கிறேன், லடாக்குக்கு அல்ல, வெள்ளியங்கிரிக்கு. பூண்டியில் இரவு பத்து மணிக்கு மூங்கில் தடியோடு ஏறத் தொடங்கினோம். முதல் மலைப் படிகளிலேயே பனியன் பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு வேர்வை. ஆண்டி சுனையில் குளித்துவிட்டு அதே பனியனை மாட்டிக்கொண்டு ஏழாவது மலை ஏறினேன். உச்சியில் விடியலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. காற்று நிற்கவே இல்லை. சாமி கும்பிடக் கைகளைச் சேர்த்தால் விரல்கள் சேரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என் பனியனைக் கழற்றச் சொல்லி, அவருடைய காய்ந்த துண்டை வெறும் மார்பில் சுற்றி, மேலே சட்டையைப் போடச் சொன்னார். கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. அந்த மனிதருக்கு எந்த இயற்பியலும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் விடாது. நூல்களுக்கு நடுவே காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தண்ணீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகிறது. கத்திரி வெயிலில் ஒரகடத்தில் இதுவே நமக்கு வரம். லடாக் போகிற வழியில் பாரலாச்சா கணவாயில், பதினாறாயிரம் அடியில், இதுவே ஆபத்து.

கம்பளி வேறு மாதிரி. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை ஆவியாகவே நாருக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. வாங்கும்போது சிறிது சூட்டையும் வெளியே விடும். நான்கு நாள் தொடர்ந்து போட்டாலும் பாலியெஸ்டர்போல நாறாது. பொறி பட்டாலும் உருகாது, தானாக அணைந்துவிடும். வெல்டிங் ஷாப்காரன் என்பதால் எனக்கு இந்தக் கடைசிக் குணம்தான் முதலில் பிடித்தது. கூடாரத்துக்குள் ஸ்டவ் பற்றவைக்கிறவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

கம்பளி என்றாலே நம் ஊரில் அரிப்புதான் நினைவுக்கு வரும். அது நாரின் கனத்தைப் பொறுத்தது. சுமார் 30 மைக்ரானுக்கு மேல் போகிற நார்முனைகள் தோலைக் குத்தும். மெரினோ ஆட்டின் ரோமம் மெல்லியது. உள்ளே போடுகிற நல்ல பனியன்களில் 17 முதல் 19 மைக்ரான் வரை இருக்கும். பெயிண்ட் கனத்தைத் தினமும் மைக்ரானில் அளக்கிற ஊர் நம்முடையது. கடையில் அந்த எண்ணைக் கேட்பதற்கு நமக்கு ஏன் தயக்கம்?

மூன்று வருடத்துக்கு முன் லடாக் கிளம்பும்போது நான் கேட்கவில்லை. ஒரு கடையில் ‘நூறு சதவீதம் மெரினோ’ என்று அச்சிட்ட இரண்டு பனியன் வாங்கினேன். விலை மலிவு. வீட்டுக்கு வந்த பிறகுதான் பழைய இன்ஸ்பெக்‌ஷன் புத்தி விழித்தது. ஒரு இழையை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினேன். உருகிச் சொட்டி, கறுப்பு மணியாக இறுகியது. சுத்தமான செயற்கை நூல். கம்பளியாக இருந்தால் தலைமுடி கருகும் வாடை வந்திருக்கும், தீயை எடுத்ததும் அணைந்திருக்கும், சாம்பல் விரலில் பொடிந்திருக்கும். இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசல் மெரினோவிலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டராகவே இருக்கும். ஆகவே தையலிலிருந்து உருவாதீர்கள், மடிப்பின் உள்விளிம்பில் துணியின் சொந்த இழையையே எடுங்கள். 1964 முதல் இருக்கிற வுல்மார்க் முத்திரை போட்டிருந்தால் நம்பிக்கை கூடும்.

அந்தப் பனியன்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அசல் மெரினோ ஒன்றே ஒன்று வாங்கினேன். மணாலியிலிருந்து அடல் சுரங்கம் தாண்டி மூன்றாவது நாள், பனி உருகி ரோட்டில் ஓடிய ஓடையில் ஒரு வண்டி சிக்கியது. என் கூட்டாளி முழங்கால் தண்ணீரில் நின்று அரை மணி நேரம் தள்ளினான். ஜாக்கெட் வாட்டர்ப்ரூஃப், ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அவன் வேர்வையும் வெளியே போகவில்லை. மாலை சர்ச்சு வந்து சேர்ந்தபோது வாய் குழறியது, ஹெல்மெட் பட்டையைக் கழற்ற விரல் வரவில்லை. உள்ளே பருத்தி பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. அதைக் கழற்றித் துடைத்துவிட்டு என் மெரினோவை அவனுக்குப் போட்டு, இரண்டு ரஜாய்க்குள் படுக்கவைத்தோம். ராத்திரி பதினொன்றுக்குத்தான் அவன் ஒழுங்காகப் பேசினான். பயணம் ஏற்பாடு செய்தவர்கள் கொடுத்திருந்த பட்டியலில் ‘தெர்மல் – 2’ என்றுதான் இருந்தது. என்ன துணி என்று இல்லை. வெல்டிங் ஷாப்பில் இப்படி ஒரு குறிப்பை எழுதி ஒட்டினால் எனக்கு மெமோ வரும். மலைக்கு ஆள் கூட்டிப்போகிற ஒவ்வொருவரும் உள்ளாடையின் துணி என்ன என்று எழுதிக் கொடுக்க வேண்டும், கிளம்புகிற காலையில் காலரை விலக்கிப் பார்க்கவும் வேண்டும்.

வாங்குகிறவர்களுக்குச் சொல்வதற்கு அதிகமில்லை. ஏறி இறங்கி வேர்க்கிற நடைக்கு 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) போதும். வண்டியில் உட்கார்ந்தே குளிர்காற்று வாங்குகிறவருக்கு 200 அல்லது 250. உடம்போடு படிந்திருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. தொளதொளவென்று இருந்தால் போட்டும் பயனில்லை. தோளில் பை மாட்டுகிறவர்கள் தட்டையான தையலா என்று தடவிப் பாருங்கள். வெந்நீரில் துவைத்தால் சிறுபிள்ளைச் சட்டை ஆகிவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல், நிழலில் விரித்துக் காயவையுங்கள்.

விலைதான் வருத்தம். நல்லது ஒன்று மூவாயிரத்துக்குக் குறைந்து கிடைப்பதில்லை. கான்ட்ராக்டில் இருக்கிற ஒரு பையனுக்கு அது பல நாள் கூலி. முடியாதவர்கள் முந்நூறு ரூபாய் விளையாட்டு பனியனாவது போட்டுக்கொள்ளட்டும், நெருப்புப் பக்கம் போகாமல். குளிரில் நனைந்த பருத்தியைவிட அது எவ்வளவோ மேல். ஜாக்கெட்டில் இரண்டாயிரம் குறைத்து அதைப் பனியனில் போடுங்கள் என்பதுதான் தவணை கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது.

போன டிசம்பரில் குடும்பத்தோடு கொடைக்கானல் போனபோது மன்னவனூர் வரை போனோம். மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் அங்கே இருக்கிறது. பாரத் மெரினோ என்ற இனத்தை வளர்க்கிறார்கள். ஒரு ஆட்டின் முதுகில் ரோமத்தை விலக்கிப் பார்த்தேன். மேலே மண் நிறம், உள்ளே வெண்ணெய் நிறம், விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. என் மகள் கையை எடுக்கவே இல்லை. ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகம் காப்பாற்றி வைத்திருக்கிற நீலகிரி ஆட்டிலும் மெரினோ ரத்தம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத் டவுன் கிடாக்களை நம் கோயம்புத்தூர் ஆடுகளோடு கலந்து உருவான இனம் அது. இன்று எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிட்டது.

மெல்லிய கம்பளிக்கு நம் நாடு ஆஸ்திரேலியாவை எதிர்பார்க்கிறது. ரோமம் பழனி மலையிலும் நீலகிரியிலும் முளைக்கிறது. பனியன் பின்னுவதில் உலகத்துக்கே பெயர் போன திருப்பூர் அந்த மலைகளிலிருந்து ஒரு பகல் தூரம்கூட இல்லை. அந்தப் பண்ணைகளின் வேலை இன ஆராய்ச்சிதான், ஆடை வியாபாரம் அல்ல, தெரியும். ஆனால் கத்தரித்த ரோமத்தில் ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்து நூற்கவைத்து, திருப்பூரில் நூறு பனியன் பின்னிப் பார்க்கச் சொல்ல அரசுக்கு எவ்வளவு செலவாகிவிடும்? மைக்ரானையும் ஜிஎஸ்எம்மையும் ஆட்டின் ஊரையும் லேபிளில் அச்சிட்டு விற்கட்டும். அடுத்த ஜூனில் எங்கள் ஷாப்பிலிருந்து ஐந்து பேர் லடாக் கிளம்புகிறார்கள். முதல் ஐந்தை அவர்களுக்கு நானே வாங்கிக் கொடுக்கிறேன்.